ஏரிக்கரையில் ஒரு வங்கிக்காரர்: ஸ்டவர்ஹெட் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் உள்ள ஸ்டவர்ஹெட் எஸ்டேட்டின் ஏரிப் படம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். ஐந்து வளைவுகள் கொண்ட ஒரு கல்பாலம், அதற்கு அப்பால் விரிந்த நீர், எதிர்க்கரையில் மரங்களுக்கு நடுவே குவிமாடத்துடன் ஒரு கோயில். படத்துக்குக் கீழே அச்சிட்ட இரண்டு வரிகள் வாசகர்களுக்குப் போதவில்லை என்பதை வந்து குவிந்த கடிதங்கள் காட்டின. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைச் சேர்த்து, பதில் சொல்லத் தக்கவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எஸ்டேட் என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்குத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் எஸ்டேட் என்று எதைச் சொல்கிறார்கள்?

பதில்: ஒரு குடும்பத்தின் உடைமையாக இருந்த நிலப்பரப்பு முழுவதையும் அந்தச் சொல் குறிக்கும். நடுவில் பெரிய மாளிகை, அதைச் சுற்றித் தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் மான்களோ ஆடுகளோ மேயும் புல்வெளி, அதற்கும் அப்பால் குத்தகைக்கு விடப்பட்ட பண்ணைகள், காடுகள், பல இடங்களில் ஒரு கிராமம், அந்தக் கிராமத்தின் தேவாலயம் ஆகியவை எல்லாம் சேர்ந்ததே எஸ்டேட். படம் எடுக்கிறவர்கள் மாளிகையையும் தோட்டத்தையும் மட்டுமே எடுப்பதால் மற்றவை கண்ணில் படுவதில்லை. ஆனால் குத்தகைப் பண்ணைகளிலிருந்து வந்த வருமானம்தான் மாளிகையின் அடுப்பை எரியவைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நிலம் பிள்ளைகளுக்குள் பாகம் பிரிக்கப்பட்டதில்லை; மூத்த ஆண் வாரிசுக்கே மொத்தமாகப் போனது. பல குடும்பங்களில் அதற்கு மேலும் ஒரு கட்டு இருந்தது. மாளிகையில் வாழ்கிறவர் தம் ஆயுட்காலம் வரை அனுபவிக்கலாமே தவிர விற்க முடியாதபடி முன்னோர்கள் பத்திரம் எழுதி வைத்திருப்பார்கள். சொத்து சிதறாமல் முந்நூறு, நானூறு ஆண்டுகள் ஒரே கையில் இருந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

கேள்வி: ஸ்டவர்ஹெட் யாருடையது? ஏதாவது அரச குடும்பத்துக்குச் சொந்தமா?

பதில்: அரச குடும்பத்துக்கு அல்ல, வங்கிக்காரர்களுக்குச் சொந்தமாக இருந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஸ்டவர்ட்டன் பிரபுக்களின் கையில் இருந்தது. ஸ்டவர் ஆறு இங்கேதான் ஊற்றெடுக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் ஆறு ஊற்றுகளைத் தங்கள் குலச் சின்னத்திலேயே பொறித்து வைத்திருந்த குடும்பம் அது. அவர்களுள் ஒரு பிரபு 1557இல் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார் என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குடும்பம் நிலத்தை விற்றது. கைமாறி வந்ததை 1717இல் வாங்கியவர் ஹென்றி ஹோர். அவருடைய தந்தை ரிச்சர்ட் ஹோர், 1672இல் லண்டனில் தங்க வேலை செய்பவராகத் தொழில் தொடங்கியவர். அந்தக் காலத்தில் மக்கள் பணத்தையும் நகையையும் பாதுகாப்புக்காகப் பொற்கொல்லர்களிடம் ஒப்படைப்பது வழக்கம். அந்த வழக்கத்திலிருந்துதான் லண்டனின் பல தனியார் வங்கிகள் பிறந்தன. ஹோர் வங்கியும் அவற்றுள் ஒன்று.

ஹென்றி ஹோர் பழைய ஸ்டவர்ட்டன் மாளிகையை இடித்துவிட்டு, காலன் கேம்ப்பெல் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1721இல் புதிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் பாணியைப் பின்பற்றி இங்கிலாந்தில் எழுந்த முதல் தலைமுறை மாளிகைகளில் இதுவும் ஒன்று. அளவான சதுரம், சமச்சீரான சாளரங்கள், வீண் அலங்காரம் இல்லாத முகப்பு. புதுப் பணக்காரர் ஒருவர் பழைய பிரபுவின் கோட்டையைத் தரைமட்டமாக்கி, அதன் இடத்தில் பண்டைய ரோமானியரின் அடக்கத்தைப் பூசிக்கொண்டார் என்று சொன்னால் சற்றுக் கடுமையாக இருக்கும்; பொய்யாக இராது. வீடு முடிந்த 1725ஆம் ஆண்டிலேயே அவர் இறந்துபோனார். படத்தில் நீங்கள் பார்த்த ஏரிக்கும் கோயில்களுக்கும் அவர் பொறுப்பல்ல. அவருடைய மகன் பொறுப்பு. மகன் பெயரும் ஹென்றி ஹோர்தான். குழப்பம் வேண்டாம் என்றுதான் குடும்பத்தார் அவரை ‘மகோன்னத ஹென்றி’ என்று அழைத்தார்கள் போலும்.

கேள்வி: படத்தில் உள்ள ஏரி இயற்கையானதா? மலைகளுக்கு நடுவே தானாக அமைந்தது போலவே இருக்கிறதே?

பதில்: அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகவே அது அப்படி அமைக்கப்பட்டது. தமிழில் ஏரி என்று சொல்லும்போதே ஒரு கரை மனத்தில் எழுந்துவிடுகிறது. கரை போட்டு நீரைத் தேக்கினால்தான் நமக்கு அது ஏரி. ஸ்டவர்ஹெட்டில் இருப்பதும் அப்படிப்பட்ட ஏரிதான், கரையை மட்டும் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் முன்பு சில மீன்குளங்களே இருந்தன. இரண்டாம் ஹென்றி ஹோர் 1750களின் நடுவில் பள்ளத்தாக்கின் தென்மேற்கு வாயிலில் மண்ணணை ஒன்றை எழுப்பி, ஸ்டவரின் ஊற்றுநீரைத் தேக்கினார். பள்ளத்தாக்கின் கிளைகளுக்குள்ளும் நீர் ஏறியதால் ஏரியின் ஓரம் வளைந்தும் நெளிந்தும் அமைந்தது. எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஏரி முழுவதும் ஒரே பார்வையில் அகப்படாது. ஒரு முனையில் மறையும் நீர் மறுமுனையில் வெளிப்படுவதால் உள்ளதைவிடப் பெரிதாகவும் தோன்றும். அணையின் மேலே மரங்களை வளர்த்து, நடைபாதையும் போட்டுவிட்டார்கள். தாம் ஒரு அணையின் மீது நடந்துகொண்டிருக்கிறோம் என்பது தெரியாமலே இன்று பலர் அதைக் கடந்து போகிறார்கள்.

சரிவுகளிலும் இதே வேலைதான் நடந்தது. அந்தக் குன்றுகள் பெரும்பாலும் மொட்டையாகக் கிடந்தவை. கரும்பச்சை ஊசியிலை மரங்களையும் வெளிர்பச்சை பீச் மரங்களையும் திட்டுத் திட்டாக நட்டார் ஹோர். ஓவியர் திரையில் இருளையும் ஒளியையும் அடுத்தடுத்துத் தீட்டுவதைப் போல மரங்களை நட வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று நாம் ‘இயற்கை எழில்’ என்று வியக்கும் காட்சியில், நீர்மட்டம் முதல் நிழல் வரை ஒருவர் தீர்மானிக்காமல் அமைந்தது மிகச் சிறிதளவே.

இந்த இடத்தில் ஒரு வாழ்க்கைச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். ஹோர் இளமையில் இத்தாலிக்குச் சென்று ஓவியங்களை வாங்கிக் குவித்தவர். தாயார் வசித்துவந்த ஸ்டவர்ஹெட்டுக்கு அவர் 1740களின் தொடக்கத்தில்தான் குடிவந்தார். 1743இல் அவருடைய இரண்டாம் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு தோட்டத்தின் முதல் கோயிலுக்கான வேலை தொடங்கியது. பிறகு ஒரே மகனும் நேப்பிள்ஸ் நகரில் இறந்துபோனார். வார நாட்களில் லண்டனில் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் விடாமல் இந்தப் பள்ளத்தாக்கைச் செதுக்கியதற்குத் துயரம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். துயரம் காரணமில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கிறித்தவ நாட்டில் கிரேக்க, ரோமானியக் கடவுளருக்குக் கோயில்கள் ஏன் கட்டினார்கள்? அங்கே வழிபாடு உண்டா?

பதில்: வழிபாடு இல்லை. வழிபாட்டுக்குக் கிராமத்துத் தேவாலயம் தோட்ட வாயிலிலேயே இருக்கிறது. இவை பார்ப்பதற்கும், உள்ளே அமர்ந்து எதிர்க்கரையை நோக்குவதற்கும், படித்தவர்கள் தாங்கள் படித்ததை நினைவுகூர்வதற்கும் கட்டப்பட்டவை. லத்தீன் மொழியும் பண்டைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியமும் அந்தக் காலத்து மேட்டுக்குடி ஆண்களின் பள்ளிப் பாடம். ரோமாபுரியின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வருவது அவர்களுடைய கல்வியின் முடிவுரை.

ஏரியைச் சுற்றும் பாதை கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் செல்லும்படி வகுக்கப்பட்டது. மாளிகையிலிருந்து இறங்கி வருகிறவர் முதலில் காண்பது மலர்த் தேவி ஃபுளோராவின் கோயில். ஹென்றி ஃபிளிட்கிராஃப்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அதன் வாயிலில், தூய்மையற்றோரை விலகிப் போகச் சொல்லும் லத்தீன் வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. வர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தில், காவிய நாயகன் ஈனியஸ் பாதாள உலகுக்குள் இறங்குவதற்கு முன் குறிசொல்லும் பெண் உரைக்கும் சொற்கள் அவை. அதைப் படித்துவிட்டு மேலே நடப்பவரைப் பாதை உண்மையாகவே நிலத்துக்குள் இறக்குகிறது. கரடுமுரடான சுண்ணக் கற்களால் அமைத்த ஒரு செயற்கைக் குகை அது. உள்ளே இருட்டு, குளிர், ஓயாத நீரோசை. வெள்ளை நிறம் பூசிய பெண் சிலை ஒன்று உறங்கும் கோலத்தில் கிடக்கிறது. அதன் அடியிலிருந்து ஊற்றுநீர் வழிந்து கீழே உள்ள குளிர்நீர்த் தொட்டியில் விழுகிறது. கவிஞர் அலெக்சாண்டர் போப் ஆங்கிலத்தில் பெயர்த்த நான்கு வரிகள் அங்கே வெட்டப்பட்டுள்ளன. என் உறக்கத்தைக் கலைக்காதே, குடிப்பதானாலும் குளிப்பதானாலும் மௌனமாகச் செய்துவிட்டுப் போ என்று அந்த நீர்மகள் வேண்டுவதாக அவற்றின் பொருள். சுவரில் ஒழுங்கற்ற ஒரு திறப்பு. அதன் வழியே ஏரியும் எதிர்க்கரையும் சட்டமிட்ட படம் போலத் தெரியும். அடுத்த மாடத்தில் தாடியுடன் கூடிய ஆற்றுத் தேவன், கையை நீட்டி வழி காட்டியபடி அமர்ந்திருக்கிறான். அவன் காட்டும் வழியே படியேறி வெளிச்சத்துக்கு வந்தால், சற்றுத் தொலைவில் குவிமாடக் கோயில்.

ரோம் நகரில் உள்ள பாந்தியன் என்ற பண்டைய குவிமாடக் கோயிலைச் சுருக்கி 1750களில் எழுப்பப்பட்டது அது. உங்களுக்கு வந்த படத்தில் மரங்களுக்கு நடுவே தெரிந்தது இதுதான். உள்ளே சிற்பி ரிஸ்பிராக் செதுக்கிய ஹெர்குலிசின் பளிங்குச் சிலை நிற்கிறது; கோயிலுக்கு முதலில் வழங்கிய பெயரும் ஹெர்குலிசின் கோயில் என்பதே. அதன் பிறகு அணையைக் கடந்து, ஊர்ச் சாலைக்கு மேலே பாறைகளை அடுக்கி அமைத்த வளைவின் வழியாகச் செங்குத்தாக ஏறினால், குன்றின் மேல் கதிரவன் தேவனான அப்போலோவின் வட்டக் கோயில். லெபனானின் பால்பெக் நகரில் உள்ள ரோமானியக் கோயிலைப் பார்த்து அமைத்தது. அங்கிருந்து திரும்பிப் பார்க்கும்போதுதான் நடந்துவந்த பாதை முழுவதும் காலடியில் விரிகிறது. கீழே இருட்டு, மேலே கதிரவன் என்ற வரிசையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சுற்று முழுவதும் ஈனியஸ் பயணத்தின் மறுபதிப்பு என்று 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் சிலர் எழுதினார்கள். வேறு சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்கள் பக்கமே எனக்கு நியாயம் அதிகமாகத் தெரிகிறது. ஹோர் பல ஆண்டுகளாக, பணமும் எண்ணமும் கூடிவந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனவர். துருக்கிக் கூடாரம் ஒன்றையும்கூடத் தோட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தார். வர்ஜிலுக்கும் துருக்கிக் கூடாரத்துக்கும் என்ன சம்பந்தம்? அவர் மனத்தில் இருந்தது காவியத்தைவிட ஓவியம்தான் என்பதற்கு அவர் கடிதமே சாட்சி. கல்பாலம் எழும்பும்போது 1762இல் மகளுக்கு எழுதியதில், பாலமும் கிராமமும் தேவாலயமும் சேர்ந்து நீரின் முடிவில் அழகிய காஸ்பார் ஓவியமாக அமையும் என்று மகிழ்ந்திருக்கிறார். காஸ்பார் என்று அவர் குறிப்பிட்டது இத்தாலிய நிலக்காட்சிகளைத் தீட்டிப் புகழ்பெற்ற 17ஆம் நூற்றாண்டு ஓவியர் காஸ்பார் துகேயை.

கேள்வி: இதை வடிவமைத்தவர் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. ‘கேப்பபிலிட்டி’ என்ற பட்டப்பெயர் பெற்ற லான்சலட் பிரவுன் ஸ்டோ தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர். பிளெனிம் மாளிகையின் ஏரியை 1760களில் அமைத்தவர். ஸ்டவர்ஹெட்டில் அவருக்குப் பங்கில்லை. பிரவுன் பாணியில் மாளிகைச் சன்னலிலிருந்தே புல்வெளியும் நீரும் அகன்று தெரியும். இங்கேயோ ஏரிக்கரையிலிருந்து மாளிகை தெரியாது, மாளிகையிலிருந்து ஏரியும் தெரியாது. தேடிக்கொண்டு இறங்கி வர வேண்டும்.

கேள்வி: மாளிகைத் தோட்டங்களின் படங்களில் வேலியே தெரிவதில்லை. மாடும் ஆடும் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடாதா?

பதில்: வராது. முற்றத்தின் எல்லையில் ஒரு அகழி வெட்டியிருப்பார்கள். வீட்டுப் பக்கம் செங்குத்தான சுவர். மேய்ச்சல் நிலத்தின் பக்கம் மெல்லிய புல்சரிவு. சுவரின் மேல்விளிம்பு தரைமட்டத்தோடு முடிவதால் வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி இடைவெட்டின்றித் தொடர்வதாகத் தோன்றும். ஆட்டுக்கு மட்டும் அங்கே ஆளுயரச் சுவர் தெரியும். எதிர்பாராமல் அதன் விளிம்புக்கு வந்துவிடுகிறவர் போடும் சத்தத்தையே பெயராக்கி, ‘ஹாஹா’ என்று அழைக்கிறார்கள். பெயர் வேடிக்கையாக இருந்தாலும் ஆங்கிலத் தோட்டக்கலையின் முகத்தை மாற்றியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மதில் மறைந்த பிறகுதான் தோட்டம் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியே பொருளற்றுப் போனது.

கேள்வி: பாலத்துக்கு அருகே படத்தில் தெரிந்த உயரமான கற்கம்பம் கோயிலின் பகுதியா?

பதில்: அது பிரிஸ்டல் நகரத்துச் சிலுவைத்தூண். பிரிஸ்டல் தனி மாவட்டத் தகுதி பெற்ற 1373ஆம் ஆண்டின் நினைவாக நகரின் நாற்சந்தியில் எழுந்தது. அரசர்களின் சிலைகள் அடுக்கடுக்காக அதில் அமர்ந்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நாற்சந்தியிலிருந்து அகற்றி வேறோர் இடத்தில் நிறுத்தினார்கள்; அங்கும் நடப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று பிரித்துப் போட்டார்கள். கேட்பாரற்றுக் கிடந்த கற்களை ஹோர் 1764இல் பெற்று, வண்டிகளில் ஏற்றிவந்து தம் தோட்ட வாயிலில் நிறுத்தினார். ரோமானியக் கோயில்களுக்கு எதிரே இடைக்கால ஆங்கிலச் சிலுவைத்தூண் பொருந்துமா என்று கேட்டால், தனித்தனியே பார்த்தால் பொருந்தாது. பின்னால் தேவாலயத்தோடும் கிராமத்து வீடுகளோடும் சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது. தன் சொத்தைத் தானே கழித்துவிட்ட நகரத்துக்கு அதைத் திரும்பக் கேட்கும் தகுதி உண்டா என்பது வேறு விவாதம்.

கேள்வி: இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அடிமை வணிகத்தில் தொடர்பு உண்டா? கிராம மக்களை வெளியேற்றினார்களா?

பதில்: பல கடிதங்களில் வந்த கேள்வி இது. ஒதுக்கிவிட முடியாது, ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லவும் முடியாது.

பணம் வங்கியிலிருந்து வந்தது. 1720ஆம் ஆண்டில் ‘சவுத் சீ’ கம்பெனியின் பங்குகள் வானளாவ உயர்ந்து, சில மாதங்களில் சரிந்து, நாட்டின் பெரும் செல்வர்களையே தெருவில் நிறுத்தின. ஹோர் வங்கி ஏறும்போது வாங்கி, விழுவதற்கு முன் விற்று, ஏறக்குறைய 28,000 பவுன் லாபம் பார்த்தது. பொருளாதார வரலாற்று ஆசிரியர்கள் வங்கியின் பேரேடுகளைக் கொண்டே இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் வணிகம் என்ன? 1713ஆம் ஆண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கையை ஒட்டி, ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஸ்பானிய அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கொண்டுபோய் விற்கும் உரிமையைப் பெற்றிருந்த கம்பெனி அது. பங்குகள் சரிந்த மறு ஆண்டு ஸ்டவர்ஹெட் மாளிகைக்கு அடித்தளம் போடப்பட்டது. சுவரில் எந்தக் கல் எந்தப் பணத்தில் வந்தது என்று பிரித்துக் காட்ட இயலாது. ஆனால் இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் மாளிகையின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. இந்த எஸ்டேட்டை இன்று நிர்வகிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, தன் வசமுள்ள இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை முறையோடும் இருந்த தொடர்புகளைத் தொகுத்து 2020இல் அறிக்கை வெளியிட்டபோது அங்கே பெரும் சர்ச்சை எழுந்தது. அறிக்கையை எதிர்த்தவர்கள், மாளிகைகளை அழகுக்காக மட்டும் பார்க்க விடுங்கள் என்றார்கள். அழகே பேரேட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்றால் என்ன செய்வது?

கிராமத்தைப் பொறுத்தவரை, ஸ்டவர்ட்டன் மக்கள் மற்றவர்களைவிட அதிர்ஷ்டசாலிகள். அதே காலத்தில் டார்செட் பகுதியில் மில்டன் பிரபு, தம் மாளிகைக்கு அருகே இருந்த சந்தை ஊர் கண்ணை உறுத்துகிறது என்று அதை இடித்து, மக்களை அடுத்த பள்ளத்தாக்கில் ஒரே மாதிரியான வீடுகளில் குடியமர்த்தினார். மில்டன் அப்பாஸ் என்ற அந்தப் புதிய கிராமத்தை இன்று சுற்றுலாப் பயணிகள் அழகானது என்று படம் பிடிக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு அருகே நியூனம் கோர்ட்னியிலும் 1760களில் இதுவே நடந்தது. ஹோருக்கு மட்டும் அவருடைய ஓவியத்தின் முடிவில் ஒரு கிராமம் தேவைப்பட்டது. அதனால் தேவாலயமும் வீடுகளும் விடுதியும் இருந்த இடத்திலேயே தப்பின. இரக்கத்தால் அல்ல, ரசனையால்.

கேள்வி: ஸ்டவர்ஹெட்டில் ரோடோடென்ட்ரான் பூக்கும் காலம் மிகவும் புகழ்பெற்றது என்கிறார்கள். அவற்றையும் இந்த ஹென்றி ஹோர்தான் நட்டாரா?

பதில்: இல்லை. அவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பாரா என்பதே ஐயம். அவர் வேண்டியது பச்சையின் பல சாயல்கள். சிவப்பும் ஊதாவும் அல்ல.

பூமரங்கள் பேரன் காலத்தில் தொடங்கின. மகன் இறந்துவிட்டதால், மகளின் பிள்ளையான ரிச்சர்ட் கோல்ட் ஹோரை வாரிசாக்கினார் தாத்தா. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: பேரன் வங்கியிலிருந்து முற்றிலும் விலகிவிட வேண்டும். வங்கி ஒருநாள் முறிந்தால் கடன்காரர்கள் தோட்டத்தைத் தொடக்கூடாது என்பது அவர் கணக்கு. வங்கி கொடுத்த பணத்தில் வளர்ந்த தோட்டத்தை வங்கியிடமிருந்தே காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த முதியவரின் முன்யோசனையை என்னவென்று சொல்வது!

பேரன் வேறு வார்ப்பு. திருமணமான இரண்டே ஆண்டுகளில், 1785இல் மனைவியை இழந்து, பல ஆண்டுகள் இத்தாலியில் அலைந்து திரும்பியவர். துருக்கிக் கூடாரத்தையும் அதைப் போன்ற வேடிக்கைகளையும் அகற்றினார். சரளைக்கல் பாதைகள் போட்டார். வெளிநாட்டு மரங்களைத் தேடித் தேடி நட்டார். 1791இல் முதல் ரோடோடென்ட்ரான்களைக் கொண்டுவந்தார். மாளிகையின் இருபுறமும் நூலகத்துக்கு ஒன்று, ஓவியங்களுக்கு ஒன்று என இரண்டு சிறகுகளை எழுப்பி, இளைய தாமஸ் சிப்பென்டேலிடம் அறைகலன்கள் செய்வித்தார். அப்போது இளைஞராக இருந்த ஓவியர் டர்னருக்கும் வேலை கொடுத்து ஊக்குவித்தார்.

அவருடைய உண்மையான ஆர்வம் மண்ணுக்கு அடியில் இருந்தது. வில்ட்ஷயர் வெளிகளில் சிதறிக் கிடக்கும் பண்டைய ஈம மேடுகளை, கம்பளி வணிகரான வில்லியம் கன்னிங்டனோடு சேர்ந்து நூற்றுக்கணக்கில் தோண்டினார். ஸ்டோன்ஹெஞ்ச் அருகே புஷ் பாரோ என்ற மேட்டில் 1808இல் அவர்கள் கண்டெடுத்த சாய்சதுரத் தங்கத் தகடு, பிரிட்டனின் வெண்கலக் காலக் கண்டுபிடிப்புகளில் தலையானவற்றுள் ஒன்று. ஊகத்தைத் தள்ளிவிட்டுக் கண்டதை மட்டும் எழுதுவோம் என்று அவர் தம் நூலின் தொடக்கத்திலேயே அறிவித்தார். அவர்கள் தோண்டிய வேகம் இன்றைய தொல்லியலாளர்களை நடுங்க வைக்கும். ஆயினும் எதை எங்கே எடுத்தோம் என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

இன்று வசந்த காலத்தின் இறுதியில் ஏரிக்கரையைக் கவ்வும் வண்ணக் கலவையில் பெரும்பகுதி அவருக்கும் பிற்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நட்ட கலப்பின வகைகளால் ஆனது. தாத்தாவின் தோட்டத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்து, இலையுதிர் காலத்திலோ பனிமூட்டமான மார்ச் மாதத்திலோ போவதே நல்லது என்பது என் சொந்தக் கருத்து.

கேள்வி: எஸ்டேட்டுக்குள் ஆல்ஃபிரட் அரசரின் கோட்டை இருக்கிறதா?

பதில்: கோட்டை அல்ல, கோபுரம், அதுவும் ஆல்ஃபிரட் அரசருக்கு ஒன்பது நூற்றாண்டுகள் பிந்தியது. 878இல் டேனியரை எதிர்த்து அவர் படை திரட்டியதாக நம்பப்படும் குன்றின் மேல், 1772இல் கட்டி முடிக்கப்பட்டது. செங்கல்லால் ஆன முக்கோணக் கோபுரம், மூலைக்கொரு உருளைத் தூபி, உயரம் 160 அடி. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், ராணுவ விமானம் ஒன்று இதில் மோதி ஐவர் உயிரிழந்தார்கள்.

கேள்வி: இவ்வளவு அரும்பாடுபட்டுச் சேர்த்த சொத்தை ஏன் ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள்? அரசாங்கம் பறித்துக்கொண்டதா?

பதில்: பறிக்கவில்லை. வைத்துக்கொள்ள இயலாத நிலை படிப்படியாக வந்தது. 1870களிலிருந்து அமெரிக்கத் தானியம் மலிவாகக் கப்பலில் வந்து குவிந்ததும் ஆங்கிலப் பண்ணைகளின் குத்தகை வருமானம் வீழ்ந்தது. விற்க முடியாதபடி பத்திரத்தில் கட்டுண்டிருந்த சொத்துகளை விற்க 1882இல் வந்த ஒரு சட்டம் வழிசெய்தது. மறு ஆண்டே ஸ்டவர்ஹெட்டில் ஏலம் நடந்தது; கோல்ட் ஹோரின் நூலகத்தின் பெரும்பகுதியும் டர்னரின் நீர்வண்ண ஓவியங்களும் போயின. 1894இல், இறந்தவரின் சொத்து மீது விதிக்கப்படும் மரண வரி வந்தது. உச்ச அளவாக 8 விழுக்காட்டில் தொடங்கியது, 1919இல் 40 விழுக்காட்டை எட்டியது. முதல் உலகப் போரில் தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்த குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டதற்கு இவையே முக்கியக் காரணங்கள். இந்த நிலையில்தான், மாளிகையை நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தார் அங்கேயே குடியிருக்க வகைசெய்யும் ஏற்பாட்டை 1937ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கியது.

ஸ்டவர்ஹெட்டை 1894இல் அடைந்த சர் ஹென்றி ஹோரும் அவர் மனைவி ஆல்டாவும், ஆளின்றிப் பாழடைந்து கிடந்த மாளிகையை மீட்டவர்கள். 1902இல் தீ விபத்தில் நடுக்கட்டடம் எரிந்து உள்ளீடற்ற சுவராக நின்றது. கீழ்த்தளத்துப் பொருள்களையும் ஓவியங்களையும் பெரும்பாலும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். சிறகுகளுக்குத் தீ பரவவில்லை. திரும்பக் கட்டினார்கள். அவர்களுடைய ஒரே மகன் பாலஸ்தீனப் போர்முனையில் படுகாயமடைந்து, 1917 டிசம்பரில் அலெக்சாண்ட்ரியாவில் இறந்தார். அதன் பிறகு முப்பது ஆண்டுகள், வாரிசுக்கென்று அல்லாமல், வீட்டுக்காகவே வீட்டைப் பேணினார்கள். 1946இல் மாளிகையையும் தோட்டத்தையும் நிலத்தின் பெரும்பகுதியையும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறு ஆண்டு மார்ச் 25ஆம் நாள், கணவனும் மனைவியும் சில மணி நேர இடைவெளியில் இறந்துபோனார்கள்.

கேள்வி: ஹோர் குடும்பத்துக்கு இப்போது அங்கே எதுவும் இல்லையா?

பதில்: இருக்கிறது. டிரஸ்டின் வசமுள்ளது ஏறக்குறைய 2,650 ஏக்கர். அதற்கு மேற்கே உள்ள காடுகள் இன்றும் ஹோர் குடும்பத்தின் கையில், மரம் வளர்த்து வெட்டி விற்கும் தொழிலோடு நடக்கின்றன. வங்கியும் முறியவில்லை. 1690இல் குடிபெயர்ந்த லண்டன் ஃப்ளீட் தெருவிலேயே, அதே குடும்பத்தின் உடைமையாக இன்றும் இயங்குகிறது.